மழை நாளில் பொய் சொன்ன பெட்டி

1. திரும்பி வந்தது

நாங்கள் செய்து விற்ற பெட்டி ஒன்று மூன்றே கிழமையில் திரும்பி வந்தது. கூடவே ஒரு பக்கக் கடிதம். உங்கள் கரண்ட் சோர்ஸ் பத்து நானோ ஆம்பியர் தருவதாகச் சொல்கிறது, சில நாள்களில் சரியாகத் தருகிறது, சில நாள்களில் குறைவாகத் தருகிறது, தயவு செய்து பார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். அந்தச் ‘சில நாள்’தான் எனக்குப் பிடிக்கவில்லை. எப்போதும் பிழையாக இருக்கிற பெட்டியைத் திருத்திவிடலாம். நினைத்த நாளில் மட்டும் பிழைவிடுகிற பெட்டி ஆளைப் பைத்தியமாக்கிவிடும்.

பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பலுக்கும் ஸ்டாலின்கிராட்டுக்கும் நடுவில், மெத்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடுகிற தெருவுக்குப் பின்னால், ஏழு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனம் எங்களுடையது. நான் அங்கே சுற்றுகளை வடிவமைக்கிறவள். ஊரில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை வரை படித்துவிட்டு வந்து, இங்கே பிரெஞ்சையும் எலெக்ட்ரோனிக்ஸையும் ஒரே நேரத்தில் படித்தவள். பொறுமை குறைவு, வாய் கொஞ்சம் நீளம். இந்தக் கதையில் அது முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் சோர்ஸ் என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். தராசு சரியா என்று பார்க்க ஒரு நிறைப்படி வேண்டும். அது போல மின்னோட்டம் அளக்கிற கருவி சரியா என்று பார்க்க, இவ்வளவுதான் ஓடுகிறது என்று நம்பிச் சொல்லக்கூடிய மின்னோட்டம் வேண்டும். அதைக் கொடுக்கிற பெட்டிதான் கரண்ட் சோர்ஸ். முன்னால் என்ன தடையை மாட்டினாலும் அது தன் அளவை மாற்றக் கூடாது. நாங்கள் பல வருடமாகச் செய்தது பத்து ஆம்பியர், நூறு ஆம்பியர் கொடுக்கிற பெரிய பெட்டிகள். அந்த வருடம்தான் முதல் தடவையாக நானோ ஆம்பியர்ப் பெட்டி ஒன்று செய்தோம்.

நானோ ஆம்பியர் என்றால் ஒரு ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் எல்லாமே எதிரி. விரலால் தொட்ட இடத்தில் ஒட்டுகிற எண்ணெய் வழியாகக்கூடக் கரண்ட் கசியும். வெளியே போகவேண்டியது பத்து என்றால், ஒரு துளி பக்கத்தால் நழுவிப் பெட்டியின் உடம்புக்குப் போய்விடும். அதனால் வெளியே போகிற முனையைச் சுற்றி டெஃப்லான் என்ற வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் போடுவோம். அதில் கை படவே கூடாது. பருத்திக் கையுறை இல்லாமல் அந்த மேசைக்குக் கிட்ட வந்தால் நான் நாய் மாதிரிக் குரைப்பேன் என்று வேலைத்தலத்தில் எல்லாருக்கும் தெரியும்.

2. நாலு படியில் ஆளைப் பிடித்தேன்

பெட்டி வந்த அன்று வெயில். மாட்டிப் பார்த்தேன். சரியான அளவு. அடுத்த நாளும் சரி. வாடிக்கையாளருக்குத்தான் அளக்கத் தெரியவில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையிலிருந்து நல்ல மழை. மத்தியானம், எங்களிடம் சோல்டர் வேலை செய்கிற யோகன் தன் சாப்பாட்டைச் சூடாக்க, மீன்குழம்பு வாசம் போகட்டும் என்று நான் யன்னலைத் திறந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் எண் சரியத் தொடங்கியது. ஆயிரத்தில் இரண்டு பங்கு குறைவு. பத்தாயிரத்தில் ஐந்துக்கு மேல், அதாவது இதில் நாலில் ஒரு பங்குக்கு மேல், பிழை வராது என்பது நாங்கள் எழுத்தில் கொடுத்த வாக்கு.

மெத்ரோ ஓடும்போது வரும் காந்தப்புலமோ என்று முதலில் பார்த்தேன். இல்லை, ரயில் வந்தாலும் போனாலும் எண் அசையவில்லை. சின்னத் தடையை மாட்டினால் பிழை இல்லை, பெரிய தடையை மாட்டினால்தான் பிழை. அப்படியென்றால் அது கசிவு, முன்னால் வழி கடினமாகும்போது கரண்ட் பக்கத்தால் நழுவுகிறது. மழைக்கு வருகிற கசிவென்றால் அழுக்கு ஈரம் பிடிக்கிறது. அழுக்கு என்றால் சோல்டர் பற்றவைத்த பிறகு மிஞ்சும் பிசினைச் சரியாகக் கழுவவில்லை. கழுவியது யோகன்.

நாலு படியில் ஆளைப் பிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய திருப்தி.

யோகன் கிளிநொச்சிப் பக்கம். நாற்பது வயதைத் தொடுகிறவர். வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் றேடியோ ஓட்டியவர். இங்கே வந்து ஐந்து வருடம் றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு பயிற்சி முடித்து எங்களிடம் சேர்ந்தார். அவரைப் பத்ரோனிடம் கொண்டுபோனதும் நான்தான். பத்ரோன் என்று இங்கே நாங்கள் சொல்வது முதலாளியை. எங்கள் பத்ரோனின் பெயர் லூசியன்.

யோகனின் ஒப்பந்தத்தில் சோதனைக் காலம் ஒரு தடவை நீட்டப்பட்டிருந்தது. அதுவும் முடியப் போகிறது. அது முடிந்து நிரந்தர வேலைக் கடிதம் கையில் கிடைத்தால்தான் மனைவியையும் எட்டு வயது மகளையும் கூப்பிடுகிற விண்ணப்பத்தைப் போடலாம். மகளைக் கடைசியாகத் தூக்கியது அவளுக்கு இரண்டு வயதில். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவரிடம் போனேன்.

“யோகன், நீர் இந்தப் பெட்டியைக் கழுவினீரோ இல்லையோ?”

“கழுவினனான் அக்கா. நீங்கள் சொன்ன மாதிரி மூண்டு தரம்.”

“பேந்து ஏன் ஒழுகுது?”

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பிரஷ்ஷாலும் அல்ககோலாலும் திரும்பவும் கழுவி, சூட்டுப் பெட்டிக்குள் ஒரு நாள் வைத்துக் காயவிட்டுக் கொண்டுவந்தார். அளந்தேன். சரியான அளவு. “பாத்தீரோ, வடிவாச் செய்தால் வருகுது தானே?” என்றேன். அவர் தலையாட்டினார். இரண்டு நாளில் மழை வந்தது, எண் சரிந்தது. திரும்பவும் கழுவினார், திரும்பவும் சரிவந்தது, திரும்பவும் சரிந்தது. மூன்றாவது தடவை நான் அவருடன் கதைக்கவே இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்துச் சுற்றுப்பலகையைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு என்று ஒன்று இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3. வடிவமைப்பா, வேலையா

லூசியன் புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார். அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

“வசந்தி, வாடிக்கையாளர் இன்னும் ஆறு பெட்டி கேக்க இருந்தவை. இப்ப யோசிக்கினம். எனக்கு ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. பிழை வடிவமைப்பிலையோ, வேலையிலையோ?”

வடிவமைப்பு என்றால் நான். வேலை என்றால் யோகன். அந்தக் கேள்விக்கு ‘இன்னும் தெரியாது’ என்று ஒரு பதில் இருந்தது. ஒரு பெண், அதுவும் வெளிநாட்டுக்காரி, எனக்குத் தெரியாது என்று சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று இருபது வருடமாகப் பயந்து பயந்து பழகிய வாய், அந்தப் பதிலைச் சொல்ல மறுத்துவிட்டது.

“வேலையிலை” என்றேன்.

“எழுதித் தாங்கோ.”

எழுதிக் கொடுத்தேன். போதிய சுத்திகரிப்பு இல்லை, மூன்று தடவை சொல்லியும் சீராகவில்லை என்று நல்ல பிரெஞ்சில் எழுதினேன். அதை வாசித்துவிட்டு அவர், “நல்ல மனிசன்தான். ஆனா இந்த வேலைக்குச் சரிவராது போல. வெள்ளிக்கிழமை கடிதம் குடுக்கப்போறன்” என்றார். யோகனின் மகள் என் நினைவுக்கு வந்தாள். ஆனாலும் நான் எழுதியது சரி என்றே நம்பினேன்.

யோகனிடம் அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. பின்னேரம் போகும்போது தன் மேசையை வழக்கத்தைவிட அதிகமாக ஒழுங்குபடுத்திவிட்டுப் போனார்.

4. தோட்டுச் சுரை

அடுத்த நாள் மத்தியானம் எனக்கு வேலைத்தலத்தில் இருந்து சாப்பிட மனமில்லை. ஒரு தோட்டைக் காதின் பின்னால் பூட்டுகிற சுரை தொலைந்து பல நாள். அதை மாற்றுவோம் என்று எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற ரூ பெர்தொனே தெருவுக்கு நடந்தேன். அங்கே வழக்கமாகப் போகிற நகைக்கடை ஒன்று இருக்கிறது. கடைக்கார அண்ணை என் தோட்டை வாங்கிக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு தராசில் வைத்தார். தராசு புதிது. அதன் வெளிப்பக்கத்தில், ஓரமாக, ஒரு சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமும்.

சும்மா இருக்க முடியாத வாய் எனக்கு. “என்ன அண்ணை, தராசுக்கும் பொட்டோ?” என்று கேட்டேன்.

“பின்னை? புதுச் சாமான் எல்லே. முதல்லை கடைப் பெடியன் தட்டிலை வைக்கப் போனவன், நான் ஏசினனான். தட்டிலை வைச்சா பொட்டும் நிறை காட்டும் அக்கா” என்று சொல்லிவிட்டு அவர் சுரை தேடப் போனார்.

நான் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். 

ஏன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூசை அன்று காலையில் திரான்சி என்ற புறநகரில் என் வீட்டுச் சாமிப்படத்துக்குப் பூசை முடித்துவிட்டு, ஒரு சின்னச் சிமிழில் கொஞ்சம் சந்தனம் எடுத்துக்கொண்டு வேலைக்கு வருவேன். அன்று என் மேசையில் எந்தப் பெட்டி இருக்கிறதோ அதற்கு ஒரு பொட்டு வைப்பேன். வெளியே வைத்தால் பத்ரோன் பார்த்துச் சிரிப்பார், இது என்ன சாந்து பூசியிருக்கிறீர்கள் என்று கேட்பார். அதனால் மூடியைப் பூட்டுவதற்கு முன் உள்ளே, ஒருவர் கண்ணிலும் படாத மூலையில் வைப்பேன். சிவப்பாகத் தெரியும் என்று குங்குமம் வைப்பதில்லை. எனக்கென்று ஒரு மேசை கிடைத்த பிறகு பன்னிரண்டு வருடம் அப்படித்தான். நூறு ஆம்பியர்ப் பெட்டிக்குள் ஒரு சந்தனப் பொட்டு யாருக்கு என்ன செய்யும்? ஒன்றும் செய்யவில்லை. கை பழகிவிட்டது. மனம் அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டது.

அந்த வருடம் சரஸ்வதி பூசை அன்று என் மேசையில் இருந்தது நானோ ஆம்பியர்ப் பெட்டி.

சுரை பிறகு வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாதி தூரம் ஓடினேன், இந்த வயதில்.

5. இரண்டு தாள்

மூடியைக் கழற்றி, முன்பலகையைப் பிடித்திருக்கும் தகட்டையும் கழற்றினேன். வெளியே போகும் முனைக்குப் பின்னால், வெள்ளை டெஃப்லான் வளையத்தின் மேல், வளையத்தைத் தாண்டி உலோகப் பலகை வரைக்கும், சுண்டுவிரல் நுனி அளவு மஞ்சள் பொட்டு. கையுறை போட்டுக்கொண்டுதான் வைத்திருந்திருக்கிறேன். அதுவரைக்கும் ஒழுங்கு.

சந்தனத்தூள், பன்னீர், கடைத் தூளில் கலக்கிற வேறு என்னென்னவோ. சூட்டுப் பெட்டியில் காய்ந்தால் அது மண். ஈரம் பிடித்தால் அது வயர். விற்பதற்கு முன் நாங்கள் அளந்தது சூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, அதனால் அன்று தப்பிவிட்டது. யோகன் ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரும்போதும் அது காய்ந்துதான் வந்தது.

இன்னொன்றையும் கண்டேன். அந்தப் பொட்டைச் சுற்றி டெஃப்லான் கண்ணாடி மாதிரி மினுங்கியது. பொட்டின் விளிம்பு வரைக்கும் பிரஷ் போயிருந்தது. பொட்டில் மட்டும் படவில்லை.

பஞ்சை எடுத்து அல்ககோலில் நனைத்துவிட்டு அப்படியே நின்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு விநாடியில் துடைத்துவிடலாம். பெட்டி சரிவந்துவிடும். யோகன் நாலாவது தடவை ஒழுங்காகக் கழுவியிருக்கிறார், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று லூசியனிடம் நான் பெரிய மனதோடு சொல்லலாம். அவர் கேட்டாலும் கேட்பார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவ்வளவு தூரம் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பஞ்சைக் கீழே வைத்தேன். அன்றும் மழை. யன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டு, பொட்டோடு அளந்து ஒரு தாளில் எழுதினேன். பிறகு துடைத்தேன். அதே யன்னல், அதே மழை, திரும்ப அளந்து இன்னொரு தாளில் எழுதினேன். இரண்டாவது தாளில் எண் அசையவே இல்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு லூசியனின் அறைக்குப் போனேன்.

“வடிவமைப்பும் இல்லை, வேலையும் இல்லை. பிழை நான்” என்றேன்.

அவர் தாள்களைப் பார்த்தார். என்ன அது, எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார். சொன்னேன். சரஸ்வதி யார் என்றும் சொல்லவேண்டி வந்தது. என் பிரெஞ்சு அன்று தடுமாறிய மாதிரி என்றைக்கும் தடுமாறியதில்லை.

“எத்தினை வருசம்?”

“பன்னிரண்டு.”

“ஏன் உள்ளுக்கை?”

“நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு.”

அவர் இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். “சிரிச்சிருப்பன்தான்” என்றார் பிறகு. “சிரிச்சுப்போட்டு, மூடிக்கு மேலை வையுங்கோ எண்டிருப்பன்.”

அதோடு விட்டுவிடவில்லை. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். அது இன்றும் என் கோப்பில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு நானே காரணம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். ‘எங்கள் வடிவமைப்பாளர் காப்பு வளையத்தில் வைத்த பொருளால் மாசு’ என்று எழுதினேன். வடிவமைப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். யோகனைப் பற்றி நான் எழுதிய தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கி, லூசியன் முன்னாலேயே கிழித்தேன். வெள்ளிக்கிழமை யோகனுக்குக் கடிதம் கிடைத்தது. லூசியன் முதலில் கொடுக்க இருந்த கடிதம் அல்ல, நிரந்தர வேலைக் கடிதம்.

6. கையுறை

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு கோப்பை பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு யோகனின் மேசைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். இருபது வருடத்தில் அந்த வேலைத்தலத்தில் நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். “இருங்கோ அக்கா, என்னத்துக்கு உதெல்லாம்” என்றார்.

“ஒண்டு கேக்கிறன். மூண்டு தரம் கழுவினனீர். அந்தப் பொட்டு உம்மடை கண்ணிலை படேல்லையோ?”

“பட்டது. முதல் நாளே கண்டனான்.”

“பேந்து ஏன் துடைக்கேல்லை?”

“சாமிப்பொட்டு எல்லே அக்கா. இஞ்சை வேறை ஆர் வைக்கிறது? நீங்கள் வைச்சதெண்டு தெரியும். பெட்டியின்ரை படத்தைக் கீறினதே நீங்கள். உங்களுக்குத் தெரியாமலோ எண்டு நினைச்சன்.” கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். “வேலை போகப்போகுது எண்டு எனக்கு விளங்கினது. பெட்டியைத் திறக்கிற நேரமெல்லாம், பிள்ளை இஞ்சை வந்து சேரவேணும் எண்டு அதைத்தான் தொட்டுக் கும்பிட்டனான்.”

 அவரது வேலைக்கு உலை வைத்த அந்தப் பொட்டிடம்தான் அந்த மனிதர் வேலையைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதை நினைத்து முடிப்பதற்குள் பழகிய வாய் முந்திக்கொண்டது.

“தொட்டனீரோ? டெஃப்லானிலையோ? விரலாலையோ?”

“இல்லை அக்கா” என்றார் யோகன். “கையுறை போட்டிருந்தனான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அதை மறைக்கவில்லை.

இப்போது எங்கள் பெட்டிகளுக்கு நவராத்திரி காலத்தில் மூடிக்கு மேலே பொட்டு வைக்கிறோம், நடுவில் குங்குமத்தோடு. அனுப்புவதற்கு முன் துடைக்கவேண்டும் என்று லூசியன் வேலைமுறைத் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். வாடிக்கையாளர் மீதி ஆறு பெட்டியில் நாலைத்தான் வாங்கினார், அதற்கும் காரணம் நான்தான். யோகனின் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைக்க இன்னும் ஒரு வருடம் பிடித்தது. மகளை வேலைத்தலத்துக்கு ஒரு நாள் கூட்டிவந்தார். அவளுக்கும் முதலில் ஒரு சோடி கையுறைதான் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இதுதான். பெட்டி பிழைவிட்டால் நான் இப்போது ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முதல் வரியில் என் பெயரை எழுதுகிறேன். அதன் கீழே அந்தப் பெட்டியில் நான் கைவைத்த இடங்களை, பழக்கத்தில் செய்ததையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். மற்றவர்களின் பெயர் அந்தத் தாள் நிறைந்த பிறகுதான்.